தட்டினாலும் திறக்கக் கூடாது

டிரில் மெஷின் வாங்கப் போனால் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள், மேடம். சிவப்புப் பெட்டி உறுதி, ஊதாப் பெட்டி இளப்பம், மஞ்சள் பெட்டி சீக்கிரம் வெளுத்துப்போகும் என்று கடைக்காரர் ஆளுக்கொரு கதை சொல்லுவார். எல்லாம் ஒரே பெட்டிதான். ஒரே மெஷின், ஒரே அச்சு. கொக்கி மாட்டுகிற கைகளும் ஒன்றுதான், அவற்றில் இரண்டு என்னுடையவை.

என் மருமகன் பிளம்பர் வேலை செய்கிறவர். சிவப்புக் கம்பெனி டிரில்தான் வேண்டும் என்று அலைந்து வாங்கினார். வாங்கிய அன்று அந்தப் பெட்டியை நடு வீட்டில் வைத்து, "அத்தை, இதும்மேல ஏறி நின்னாலும் ஒடையாது. மத்தவன் பொட்டியெல்லாம் சும்மா" என்றார். அன்று காலையில்தான் அதே அச்சில் ஊதாப் பெட்டி எடுத்துவிட்டு வந்திருந்தேன். வீட்டில் ஒருவருக்காவது பெருமையாக ஏதாவது இருக்கட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பாகலூர் ரோட்டில் இருக்கிற எங்கள் கம்பெனிக்கு நீங்கள் வந்து பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அது எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் மணியை உருக்கி, அச்சுக்குள் இறக்கி, காற்று ஊதினால் பெட்டி. மூடியின் அச்சில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு இருக்கும், அதில்தான் கம்பெனி பெயர். திருகைக் கழற்றித் தகட்டை மாற்றினால் கம்பெனி மாறிவிடும். வேறு நிற மணியைக் கொட்டினால் பெட்டியும் மாறிவிடும். நடுவில் கொஞ்ச நேரம் பாதி சிவப்பும் பாதி ஊதாவுமாகச் சில பெட்டிகள் விழும். அவற்றை யார் கண்ணிலும் படாமல் உடனே உடைத்து மறுபடி உருக்கப் போட்டுவிட வேண்டும்.

மூன்று கம்பெனிக்கும் எங்கள் முதலாளி எழுதிக் கொடுத்தது ஒன்றேதான். இந்த ஷெட்டில் உங்கள் சரக்கைத் தவிர வேறு யார் சரக்கும் ஓடாது, இந்த அச்சு உங்களுக்கு மட்டும். ஒரே மாப்பிள்ளை மூன்று வீட்டுக்கும் வாக்குக் கொடுத்த மாதிரி. அதனால் ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஆள் பார்வையிட வருகிற நாளை நாங்கள் 'பொண்ணு பார்க்கிற நாள்' என்போம். தரையைக் கழுவுவோம். வருகிற கம்பெனியின் நிறத்தில் எல்லோரும் கோட்டு மாட்டிக்கொள்வோம். மற்ற இரண்டு நிறப் பெட்டிகளையும் பின் குடோனில் தள்ளி ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டுத் தொங்க விடுவோம். யாராவது கேட்டால் உள்ளே பழைய சாமான் என்று சொல்ல வேண்டும். சாவி கேட்டால் சாவி டவுனில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

சில நாள் சாமானோடு ஆளும் உள்ளே போவதுண்டு. வெள்ளந்தியாக ஒரு பெண் இருந்தாள். என்ன வேலைம்மா செய்கிறாய் என்று வந்தவர் அன்பாகக் கேட்டதும், "நேத்து ஊதா, இன்னிக்கி செவப்பு சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அதைப் பேச்சை மாற்றி அமுக்குவதற்குள் முதலாளிக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதற்குப் பிறகு பொண்ணு பார்க்கிற நாளில் அவளையும் உள்ளே உட்கார வைத்தோம். முதல் தடவை அவள் பயந்துபோய் ஷட்டரைத் தட்டினாள். அன்றைக்குத்தான் சூப்பர்வைசர் தங்கதுரை அந்தச் சட்டத்தைப் போட்டார்.

"உள்ள இருக்கவுக மூச்சு காட்டப்பிடாது. வெளிய இருக்கவுக, தட்டுத சத்தம் கேட்டாலும் தெறக்கப்பிடாது. எலின்னு நெனச்சுக்கிடுங்க. நான் சொல்லுத வரைக்கும் எலிதான், கேட்டியளா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் பேச்சே எங்களுக்குச் சிரிப்புத்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஓசூருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த இழுப்பு போகவில்லை. நாங்கள் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று பேசுகிறவர்கள். அவர் எங்கே போனாலும் தூத்துக்குடிதான்.

தங்கதுரையைக் கெட்டவர் என்று எழுதிக்கொள்ள வேண்டாம், மேடம். பெண்களிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. கனமான மூட்டையைத் தானே வந்து தூக்குவார். நான் ரோஜாத் தோட்டத்துக் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தபோது என்னை உள்ளே சேர்த்துக்கொண்டவரே அவர்தான். நான் செய்ததை அவர் கெட்டவர் என்பதற்காகச் செய்யவில்லை.

ரூபாவுக்காகச் செய்தேன். ரூபா என் மகள். வேறு பிள்ளை எனக்கு இல்லை. அவளும் எங்கள் கம்பெனியில்தான் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி, வயிற்றுப் பிள்ளைக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. வேலையை விட்டுவிடு என்று மருமகன் சொன்னார். உட்கார்ந்து செய்கிற வேலைதானே, பிரசவச் செலவுக்கு ஆகும் என்று நான்தான் சொன்னேன்.

அன்றைக்கு வந்தது சிவப்புக் கம்பெனி. வயிற்றுப் பிள்ளைக்காரியை மெஷின் பக்கம் வைத்து வேலை வாங்குவது அவர்களுக்குப் பிடிக்காது, ஆயிரம் கேள்வி வரும். தங்கதுரை வந்து, "ஏளா ரூபா, நீ குடோன்ல போயி செவனேன்னு உக்காந்து ரெஸ்ட் எடு. அவுக போன பெறவு கூப்பிடுதேன்" என்றார். தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டார். தண்ணீர் பாட்டிலும் வைத்தார். அந்த வெள்ளந்திப் பெண் அன்று வேலைக்கு வரவில்லை, ரூபா மட்டும்தான் சிரித்துக்கொண்டே போனாள். வேலை செய்யாமல் கூலி கிடைக்கிறது என்று மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். ஷட்டர் இறங்கியது, பூட்டு விழுந்தது.

வழக்கமாக மத்தியானத்துக்குள் போய்விடுவார்கள். அன்று முதலாளி பிரியாணி வரவழைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கைப்பிடியின் சிவப்பு போன தடவையைவிட மங்கல் என்று ஒரு பேச்சு ஆரம்பித்து, அது இழுத்துக்கொண்டே போனது. நான் கொக்கி மாட்டுகிற மேசையில் இருந்தேன். காற்று ஊதுகிற மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தங்கதுரைதான் ஷட்டர் ஓரமாக நின்றிருந்தார். அவருக்குக் கேட்டது. அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வந்தவர்களைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலை உயர்த்திப் பேசினார் என்று பெண்கள் பிறகு சொன்னார்கள்.

திறந்தபோது ரூபா நாற்காலியில் இல்லை. ஊதாப் பெட்டிகளில் சாய்ந்து கிடந்தாள். தரை முழுக்க ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவில் என் மடியில்தான் இருந்தாள், கண்ணைத் திறக்கவில்லை. பிள்ளையும் அவளும் சேர்ந்தே போய்விட்டார்கள். டாக்டர் சின்ன வயசு. கையைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். வைக்க இடம் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை, படுத்தால் அது மேலே ஏறி உட்கார்ந்தது. கடைசியில் அது தங்கதுரையின் கேள்வி என்று முடிவு செய்தேன். முடிவு செய்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கம்பெனியில், அவளாகத்தான் களைப்பாக இருக்கிறது என்று குடோனுக்குள் போய்ப் படுத்தாள் என்று சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் அப்படியே சொன்னோம். நானும் சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். காரியம் முடிந்து சில நாளில் நான் வேலைக்குக் கிளம்பியபோது மருமகன் வாசலில் நின்று, "எந்த மனசோட அங்க போற அத்தை?" என்று கேட்டார். "சோத்துக்கு இன்னா பண்றது?" என்றேன். அவர் டிரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் சொந்த ஊர் கல்லாவிக்கே போய்விட்டார், பிறகு வரவில்லை. சோற்றுக்காக நான் போகவில்லை, மேடம். தங்கதுரை அங்கே இருந்தார், அதனால் போனேன்.

நான் போன முதல் நாளே அவர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் தங்கச்சி மாதிரி யக்கா அவ" என்று தேம்பினார். நான் அவர் தோளில் தட்டிக் கொடுத்தேன். அழுது முடித்து முகம் கழுவி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. அடுத்த வாரம் பழையபடி சிரித்துப் பேசினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அழாமல் இருந்திருந்தால்கூட விட்டிருப்பேனோ என்னவோ. அழுது கழுவிக்கொள்கிற அளவுக்கு என் மகள் இளக்காரமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஓசூர்க் குளிர் அவருக்கு ஆகாது. இழுப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் பேசும்போதே நெஞ்சில் விசில் கேட்கும். மத்திகிரியில் எங்கள் வீட்டுச் சந்தில் கற்பூரவல்லி மண்டிக் கிடக்கும். தினமும் கஷாயம் வைத்து பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். முதலில் வேண்டாம் என்று கூச்சப்பட்டார். பிறகு நான் வருகிற நேரம் பார்த்து டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பெனியில் எல்லோரும் என்னைப் பார்த்து, இப்படியும் ஒரு மனசா என்றார்கள்.

"சார், உங்களுக்கு இன்னா இன்னா ஒத்துக்காது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

சீக்காளிக்கு அதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. வரிசையாகச் சொன்னார். சாம்பிராணிப் புகை, பழைய பஞ்சு, பெயிண்ட். "எல்லாத்துக்கும் மேல இந்தப் பசை யக்கா. மூடியத் தெறந்தாப் போதும், நெஞ்சப் பூட்டிப்புடும்." பெட்டிக்குள் மெஷின் அசையாமல் இருக்க ஃபோம் ஒட்டுகிறோமே, அந்த ரப்பர் பசை. அதனால்தான் ஃபோம் ஒட்டுகிற வேலையை மதில் ஓரம் திறந்த கொட்டகையில் வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோட்டுப் பையிலிருந்து, இழுப்பு வந்தால் வாயில் வைத்து உறிஞ்சுகிற பஃப்பை எடுத்துக் காட்டி, "இது இல்லன்னா நான் இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார். நான் பார்த்துக்கொண்டேன்.

கோட்டுகளைத் துவைத்து மடித்து வைக்கிற வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசருக்கு நிறத்துக்கு ஒன்றாக மூன்று கோட்டு, தினப்படி மாட்டிக்கொள்ளச் சாம்பல் நிறத்தில் ஒன்று. பஃப் எப்போதும் கோட்டுப் பையில்தான் இருக்கும். பொண்ணு பார்க்கிற நாளில் அவர் கோட்டு மாற்றும்போது அவசரத்தில் மறப்பார். நான் பழைய கோட்டிலிருந்து எடுத்துப் புதுக் கோட்டுப் பையில் போட்டுக் கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் தவறாமல் செய்தேன். கொஞ்ச நாளில் அவர் பையைத் தொட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நாராயணம்மா இருக்கும்போது எனக்கு என்ன கவலை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுதும் அவரை அப்படி நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

பிரதாப் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மஞ்சள் கம்பெனியில் அதிகாரி. அவர் வரும்போதெல்லாம் தங்கதுரைதான் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு, இந்த லைனுக்கே தன்னைத் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு நிற்பார். சிவப்புக்காரரிடமும் ஊதாக்காரரிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். இந்த வருஷம் பிரதாப் மஞ்சள் கம்பெனியை விட்டு ஊதாக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. முதலாளி ஆடிப்போனார். மஞ்சளை விட்டுவிட்டு ஷெட்டை ஊதாவுக்குக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு கதை சொல்லிவிடலாம், ஆனால் மஞ்சளுக்கென்றே இருக்கிற ஆள் என்று சொல்லிக்கொண்ட தங்கதுரையைக் கண்டால் அது எடுபடாது. அந்த ஆள் என்றைக்கு ஊதாக் கம்பெனி சார்பில் வந்து, தங்கதுரையை ஊதாக் கோட்டில் பார்க்கிறாரோ, அன்றைக்கு மூன்று கம்பெனியும் போய்விடும். "அந்தாளு வர்றன்னிக்கி நீ அவன் கண்ணுல படவே கூடாது. பட்டா நீ ஊரப் பாத்துப் போயிட வேண்டியதுதான்" என்று தங்கதுரையிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஊதாக் கம்பெனி என்றாலே தங்கதுரை கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் ஊதாக் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். யார் என்று சொல்லவில்லை. காலையிலிருந்து தூறல். மதில் ஓரக் கொட்டகையில் மஞ்சள் பெட்டிக்கான ஃபோம் கிடந்தது, அதை மறைக்க வேண்டும். நான் குடோனுக்குள் எடுத்து வைக்கிறேன் என்றேன். பசை டின்களையும் எடுத்து வைத்தேன். மூடிகளைத் திறந்து வைத்தேன். ஒரு டின்னைச் சாய்த்து, ஃபோம் தாள்கள் குடிக்கும்படி ஊற்றினேன். ஷட்டரின் அடியில் இருக்கிற சந்தில், வெளியிலிருந்து ஃபோம் துண்டுகளைச் செருக எடுத்து வைத்துக்கொண்டேன். என்ன நாராயணம்மா செய்கிறாய் என்று ஒருவர் கேட்டார். எலி வருகிறது என்றேன்.

பொண்ணு பார்க்கிற நாளில் எல்லோருடைய செல்போனும் கேட்டில் வாட்ச்மேனிடம் போய்விடும், படம் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். தங்கதுரையும் கொடுத்துவிட்டார். சாம்பல் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார், நான் ஊதாக் கோட்டைக் கொடுத்தேன். அவர் அதை மாட்டிக்கொண்டு நடந்தார். சாம்பல் கோட்டை நான் ஆணியில் மாட்டினேன். அதன் பையில் பஃப் இருந்தது. நான் எதையும் திருடவில்லை, மேடம். வழக்கமாகச் செய்கிற ஒன்றைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

கார் வந்து நின்றதும் நான் கேட் வரைக்கும் போய்விட்டு ஓடிவந்தேன். "சார், பிரதாப் சார் எறங்கறாரு" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. "ஐயய்யோ, எங்க போவ இப்பம்?" என்றார். குடோனுக்குப் போங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே குடோனைப் பார்த்தார், அவரே போனார். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யக்கா, பசை நாத்தம் அடிக்கே" என்றார்.

"கொஞ்ச நேரந்தான் சார். வாசலுக்கு வந்துட்டாரு."

"சரி, எறக்குங்க, எறக்குங்க. அவன் போன பெறவு தெறங்க. தட்டுனாலும் தெறக்காதிய."

அவர் வாயாலேயே சொன்னார். ஷட்டரை இறக்கினேன், பூட்டினேன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஃபோம் துண்டுகளைச் சந்தில் காலால் தள்ளி அடைத்தேன்.

காரிலிருந்து இறங்கி வந்தது அஸ்வின் என்று ஒரு சின்னப் பையன். படிப்பை முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எங்கள் கம்பெனிக்கு அதுதான் முதல் தடவை. தங்கதுரையை அவனுக்கு யாரென்றே தெரியாது. முதலாளி அன்று வெளியூர். சூப்பர்வைசர் எங்கே என்று கேட்டான், லீவு என்றேன். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், ஆனால் வந்தவர் முன்னால் குறுக்கே பேசுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அவன் ரொம்ப மரியாதையான பிள்ளை. என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் என் மேசையிலிருந்து அது நன்றாகக் கேட்கும், இரும்பு ஷட்டர் அல்லவா. முதலில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது போல விட்டுவிட்டுத் தட்டினார். பிறகு உள்ளங்கையால் அடித்தார். பிறகு பெட்டியை எடுத்து மோதினார். கத்தவில்லை. இழுப்பு வந்தால் கத்த முடியாது, அவரே எனக்குச் சொல்லியிருந்தார்.

பெட்டியின் ஓரப் பிசிறைச் சீவுகிற பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "யக்கா, உள்ள யாருனா இருக்காங்களா?" என்றாள்.

"ரூல் தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும்க்கா" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். எல்லோருக்கும் கேட்டது. அந்த வெள்ளந்திப் பெண்ணை நான் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தேன், அது தெரியாமல் அவள்தான் உள்ளே பயந்துபோய்த் தட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. அவர்கள் மேல் வழக்குப் போடாதீர்கள். சொன்னதைச் செய்தார்கள்.

அஸ்வின் நின்று, "அது என்னம்மா சத்தம்?" என்று கேட்டான். "பழைய கம்ப்ரசர் சார், அப்டித்தான் ஒதைக்கும்" என்றேன். சரி என்று தலையாட்டினான். அவன் சீக்கிரமே கிளம்பியிருப்பான், நான்தான் விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். கொக்கியை எப்படிச் சோதிக்கிறோம் என்று காட்டினேன். மூடியை அவன் கையாலேயே திறந்து மூடச் சொன்னேன். பெட்டி மேல் ஏறி நிற்கச் சொன்னேன், ஏறி நின்று குழந்தை மாதிரி சிரித்தான். "எங்க பெட்டி ஸ்ட்ராங்குதான்மா. மத்த கம்பெனியில இந்தத் தரம் வராது" என்றான். ஆமாம் சார் என்றேன். கம்பெனிக்கு வந்த யாரிடமும் நான் அவ்வளவு பேசியதில்லை.

அதில் ஒரே ஒரு குறை. கீலைப் பற்றி அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்ததில், தட்டுகிற சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கத் தவறிவிட்டேன். கடைசித் தட்டை நான் கேட்டிருக்க வேண்டும். அதற்காகத்தானே அவ்வளவு நாள் கஷாயம் சுமந்தேன்.

அவன் போனதும் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். டீ கிளாஸ்களைக் கழுவி வைத்தேன். சந்தில் இருந்த ஃபோம் துண்டுகளைப் பொறுக்கினேன். பிறகு திறந்தேன். முகத்தை ஷட்டரின் அடியில் வைத்துப் படுத்திருந்தார். டின்களை மூடினேன், பஃப்பைக் கொண்டுவந்து அவர் கோட்டுப் பையில் போட்டேன், அதன் பிறகு கூப்பாடு போட்டேன். குடோனுக்குள் சரக்கு பார்க்கப் போன இடத்தில் இழுப்பு வந்து செத்தார் என்று எழுதினார்கள். நீங்களும் அதை நம்பினீர்கள்.

அப்படியே விட்டிருந்தால் இன்று நான் கொக்கி மாட்டிக்கொண்டிருப்பேன். அவர் வீட்டுக்காரி பேச்சியம்மாள் நேற்று என் வீட்டுக்கு வந்தார். என் மடியில் விழுந்து அழுதார். "ஒங்க கசாயத்துலதான்க்கா இந்த மழையவே தாண்டுனாவ" என்றார். எனக்கு இனித்தது, மேடம். பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தலையைத் தடவிக்கொண்டே அந்த அழுகை முழுவதையும் கேட்டேன். ஆனால், "பாழாப்போன சீக்கு கொண்டுட்டுப் போயிட்டே" என்று அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. சீக்கு கொண்டுபோகவில்லை. நான் கொண்டுபோனேன். ரூபாவின் பெயரால் செய்த காரியத்தைப் போயும் போயும் ஒரு இழுப்புக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் காலையில் டவுன் பஸ் ஏறி நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். தங்கதுரையை நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன், மறுபடி வாய்ப்புக் கிடைத்தாலும் கொல்லுவேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் வந்தேன். ரூபா செத்த அன்றைக்குச் சாவி யாரிடம் இருந்தது என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம்.

வாட்ச்மேன் உங்களிடம் சொன்னது நிஜம். சூப்பர்வைசர்கள் அந்தச் சாவியை வைத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்டால் தங்களிடம் இல்லை என்று கூசாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக. கொக்கி மாட்டுகிற கிழவியிடம் யார் கேட்கப் போகிறார்கள்? ஷட்டர் வைத்த நாளிலிருந்து அது என் இடுப்பில்தான் இருக்கிறது.

தங்கதுரை அன்றைக்கு ஷட்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திறக்காதே என்று தலையசைக்கவில்லை. சும்மா பார்த்தார். என் பெயர் பர்மனென்ட் ஆகிற மாதம் அது. ஒன்றும் இருக்காது, குழந்தை புரண்டிருக்கும், அவர்கள் இதோ கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்து, நான் குனிந்து அடுத்த பெட்டிக்குக் கொக்கி மாட்டினேன். அவர் அதன் பிறகுதான் அவர்களைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

ரூபா பலமாகத் தட்டவில்லை, மேடம். சாவி யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.